மறுமொழி: ‘ப்ராங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

நிச்சயதார்த்த மோதிரம் வாங்குவோருக்கான கையேட்டைத் தமிழாக்கும் நண்பர் ‘ப்ராங்’ என்பதற்குச் சொல் கேட்டிருந்தார். கவ்வி, முள், உகிர் என மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றையும் பற்றி எனக்குக் கருத்து உண்டு. அதற்கு முன் பொருளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிடுவோம்.

ஒற்றை வைரக்கல் மோதிரத்தின் உச்சியில் நான்கோ ஆறோ மெல்லிய கம்பிகள் எழுந்து நிற்கும்; இவைதான் ‘ப்ராங்’. அவற்றின் நுனிகள் கல்லின் விளிம்பின் மேல் மடங்கி அதைப் பிடித்துக்கொள்ளும். கல்லின் அடிப்பகுதியை உலோகம் மூடாது. பக்கங்களிலிருந்தும் ஒளி புகும். டிஃபனி நிறுவனம் 1886இல் அறிமுகப்படுத்திய ஆறு கம்பி அமைப்பு இவ்வகையில் புகழ்பெற்றது.

கல் வைப்பதைச் சொல்ல நம்மிடம் சொற்பஞ்சம் இல்லை: பதித்தல், இழைத்தல், அழுத்துதல், குயிற்றுதல். ஆனால் இவற்றைக் கேட்டால் கல் பொன்னுக்குள் இறங்கி உட்கார்ந்திருப்பதுதான் மனத்தில் வருகிறது. இங்கே கல் மேலே நிற்கிறது. அதனால் ‘நான்முனைப் பதிப்பு’ என்று ஒருவர் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. அது ஏதோ நூலின் நான்காம் பதிப்பு போலவும் ஒலிக்கிறது!

கவ்வி என்பது திறந்து மூடும் பொருளுக்குப் பொருந்தும். துணி காயப்போடும் கிளிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். முள் என்றால் குத்த வேண்டும். குத்துகிற ப்ராங் பழுதான ப்ராங். உகிர் பொருளளவில் மிகச் சரி, ஆனால் நகைக்கடை விற்பனையாளர் அதைச் சொல்ல அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கும். அதே பொருளில் இன்று புழங்கும் சொல்லே போதுமே: நகம்.

கலைச்சொல்லைச் சோதிக்க வேண்டிய இடம் தலைப்பு அல்ல, பராமரிப்பு அத்தியாயம். அங்கே வைத்துப் பாருங்கள். ‘மோதிரம் புடவையில் உரசும்போது நூலை இழுத்தால் நகம் தூக்கியிருக்கிறது என்று பொருள்.’ ‘காதருகே வைத்து மெல்ல ஆட்டும்போது டிக்கென்ற ஒலி கேட்டால் நகம் தளர்ந்துவிட்டது; கழற்றிப் பத்திரப்படுத்திக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.’ ‘பேரிக்காய் வடிவக் கல்லின் கூர்முனை எளிதில் உடையும், அந்த முனைக்கு மட்டும் இரு பக்கமும் அணைக்கும் நகம் வேண்டும்.’ தேய்வது, பிளப்பது, மடங்குவது என்று வினைகள் தாமாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. கவ்வியை வைத்து இதே வாக்கியங்களை எழுதிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

அடுத்து, ‘செட்டிங்’, அதாவது கல்லை மோதிரத்தில் பொருத்தும் அமைப்பு. நகக்கட்டு என்று முதலில் தோன்றியது. விரலில் அடிபட்டுத் துணி சுற்றியது போல இருந்ததால் விட்டுவிட்டேன். ‘பிடி’ என்பதை முன்வைக்கிறேன். ப்ராங் செட்டிங் நகப்பிடி. கல்லைச் சுற்றி உலோக விளிம்பு அணைக்கும் பெசல் செட்டிங் விளிம்புப்பிடி. வாங்குபவருக்குத் தேவையான அறிவுரையும் இதில் எளிதாக அடங்குகிறது: நகப்பிடியில் ஒளி அதிகம், ஆனால் மாவும் எண்ணெயும் அடியில் சேரும், விளிம்புப்பிடியில் கல்லின் ஓரம் பாதுகாப்பாக இருக்கும், கைவேலை செய்பவர்களுக்கு அதுவே நல்லது. நான்கு நகத்தில் கல் அதிகம் தெரியும்; ஆறில் ஒன்று போனாலும் மற்றவை பெரும்பாலும் தாங்கும். 22 காரட் தங்கம் மென்மையானது, நகம் எளிதில் வளைந்துவிடும். வைர மோதிரங்களுக்கு 18 காரட்டோ பிளாட்டினமோ பரிந்துரைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கையேட்டில் இன்னொரு சிக்கலும் கண்ணில் பட்டது. தங்கத்தின் தரத்துக்கும் காரட், கல்லின் எடைக்கும் காரட். 18 காரட் மோதிரத்தில் அரை காரட் கல் என்றால் புதிதாக வாங்குபவர் குழம்பாமல் என்ன செய்வார்? எடைக்குக் காரட்டையே வைத்துக்கொண்டு, 200 மில்லிகிராம் என்று ஒருமுறை விளக்கிவிடலாம். தரத்துக்கு, பொன்னின் தூய்மையைக் குறிக்கும் ‘மாற்று’ என்ற பழைய சொல் இருக்கிறது. ஆனால் பத்தரை மாற்றை உச்சமாகக் கொண்ட பழைய அளவையில் 18ஐயும் 22ஐயும் நேரடியாகப் பொருத்த முடியாது. எனவே ‘தங்கக் காரட்’, ‘கல் காரட்’ என்று பிரித்து எழுதுவதே இப்போதைக்கு நடைமுறைக்கு ஒத்துவரும். மாற்றின் ஆதரவாளர்கள் தனி இழை தொடங்கட்டும்.

மொழிபெயர்ப்பில் ஒரு திருத்தமும் செய்ய வேண்டும். ‘வைரம் மிகக் கடினமானது, ஆகவே உடையாது’ என்று இருக்கிறது. கடினம் என்பது கீறலை எதிர்க்கும் தன்மை. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவில் வைரத்துக்கு 10. ஆனால் குறிப்பிட்ட தளங்களில் ஓங்கி அடிபட்டால் வைரம் பிளக்கும். ‘எளிதில் கீறல் விழாது, அடிபட்டால் பிளக்கலாம்’ என்று மாற்றுங்கள். சுத்தம் செய்யும் பகுதியில் வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் திரவம் சில துளி, மென்மையான பிரஷ் என்று இருப்பது சரி. அங்கே மரகதத்துக்கு ஓர் எச்சரிக்கை சேர்க்க வேண்டும்: அதன் வெடிப்புகளில் பெரும்பாலும் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், மீயொலி அதிர்வால் சுத்தம் செய்யும் கருவியில் போடக் கூடாது.

இரு உலோகச் சுவர்களுக்கு நடுவே கற்களை வரிசையாக வைக்கும் சேனல் செட்டிங்குக்கு ‘வரிப்பிடி’ என்று வைத்திருக்கிறேன், அரை மனத்துடன்தான். கோவையில் நகைப் பட்டறைத் தொடர்பு உள்ளவர்கள் ஆசாரிமார் வாயில் என்ன சொல் புழங்குகிறது என்று கேட்டு எழுதுங்கள். அங்கே ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால் நகத்தையும் விட்டுக்கொடுக்கத் தயார்.