சிங்கப்பூரில் வக்கீல் இல்லாமல் சிறு உரிமைகோரல் வழக்கு: எப்படித் தொடங்குவது?

கேள்வி: கிச்சன் கேபினட்டுக்கு 3,500 வெள்ளி முன்பணம் வாங்கிய காண்ட்ராக்டர் வேலையைத் தொடங்கவே இல்லை. வக்கீல் வைக்கணுமா?

பதில் 1: வைக்கவே முடியாது, சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் வக்கீலுக்கு இடமில்லை. சிங்பாஸ் (அரசின் மின்னிலக்க அடையாளம்) வழியாக, நீதிமன்றத்தின் இணைய வழக்குப் பதிவுத் தளமான சிஜேடிஎஸ்-இல் பதியுங்கள். கோரும் தொகைக்கு வரம்பு 20,000 வெள்ளி, இருதரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் பதிய வேண்டும். 5,000 வரை வாடிக்கையாளருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான்.

பதில் 2: பலர் சறுக்குவது எதிர்த்தரப்பின் பெயரில். கடைப் பலகையில் இருப்பதை அப்படியே எழுதாதீர்கள். நிறுவனங்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் நிறுவன விவரம் வாங்கி, பதிவான பெயர், எண், முகவரியைப் போடுங்கள். பெயர் தவறினால் தீர்ப்பு கிடைத்தாலும் வசூலிக்க ஆள் இருக்காது. ஒப்பந்தம், பேநவ் பணப்பரிமாற்ற ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் தேதி வரிசையில் ஏற்றுங்கள். தமிழில் பேசிய செய்திகளுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். வழக்கு அறிவிப்பை எதிர்த்தரப்புக்குச் சேர்ப்பிப்பதும் உங்கள் பொறுப்பு. சேர்ப்பித்த விவரத்தைத் தளத்தில் பதிய மறக்காதீர்கள்.

பதில் 3: நண்பருக்குக் கொடுத்த கைமாத்தையும் இதில் கேட்கலாமா அண்ணே?

பதில் 2: முடியாது தம்பி. பொருள் விற்பனை, சேவை, 2 ஆண்டுக்கு மேற்படாத வீட்டு வாடகை போன்றவைதான். கடனுக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றம்.