அழிதகு சார்பா, ஓயாச் சார்பா?

வணக்கம் சேர்,

ஆங்கிலத்தில் 'வொலட்டைல்' எனப்படுவதற்கு, கணினி நினைவகத்துக்கு வழங்கும் 'அழிதகு' என்ற அடையையே எக்செல் போன்ற விரிதாளின் நவ், டுடே, ராண்ட், ஓஃப்செட், இன்டிரெக்ட் போன்ற சார்புகளுக்கும் (ஃபங்ஷன்) இடலாம் என்று எழுதியிருந்தீர்கள். நினைவகத்தில் அது பொருந்தும். மின்சாரம் போனால் உள்ளதெல்லாம் போய்விடும். இந்தச் சார்புகளிலோ எதுவும் அழிவதில்லை. 'நிலையற்ற சார்பு' என்றாலும் சரிவராது. டுடே நள்ளிரவு வரை ஒரே விடையைத்தான் தரும். இன்டிரெக்ட் மாதக்கணக்கில் மாறாத விடையைத் தரலாம். ஓயாமல் நடப்பது கணிப்புத்தான். மற்றச் சார்புகள் தாம் சுட்டும் கலம் மாறினால் மட்டும் திரும்பக் கணிக்கும். இவை தாளின் எந்த மூலையில் எதை அடித்தாலும் கணிக்கும். ஆகவே 'ஓயாச் சார்பு' என்பது என் முன்மொழிவு.

பெயர் சரியாக இருந்தால் மாணவர் தவிர்க்கக்கூடிய வில்லங்கம் ஒன்றைச் சொல்கிறேன். நெல் கொள்வனவுப் பதிவு: ஏ நிரலில் (நெடுக்கு வரிசையில்) நிறை, பி நிரலில் பதிந்த நேரம். பி2 இல் =இஃப்(ஏ2="","",நவ்()) என்று, ஆங்கில எழுத்தில்தான், இட்டால் முதல் நிரைக்கு (கிடை வரிசைக்கு) நேரம் சரியாக விழும். அடுத்த வண்டியின் நிறையை அடித்ததும் மேலேயுள்ள நேரமெல்லாம் அந்தக் கணத்துக்கு மாறிவிடும். காலையில் அக்கரைப்பற்றிலிருந்து வந்த நெல்லும் பின்னேரம் சம்மாந்துறையிலிருந்து வந்ததும் ஒரே நிமிடத்தில் நிற்கும்.

மாக்ரோ, அதாவது பதிந்துவைத்து ஓடவிடும் செயல்தொடர், இல்லாமல் இதற்கு இரண்டு வழி உண்டு. எக்செலில் கன்ட்ரோலுடன் அரைப்புள்ளியை அழுத்தினால் திகதி, ஷிப்டையும் சேர்த்து அழுத்தினால் நேரம்; இரண்டும் வெறும் எண்ணாகப் பதிவதால் பிறகு அசையாது. சலிப்பான வேலை, ஆனால் நம்பலாம்.

மற்றது, சூத்திரம் தன்னையே சுட்டுவது: =இஃப்(ஏ2="","",இஃப்(பி2="",நவ்(),பி2)). இதற்கு ஃபைல், ஒப்ஷன்ஸ், ஃபோர்முலாஸ் என்று போய் மீள்செய் கணிப்பை (இட்டரேட்டிவ் கல்குலேஷன்) இயக்க வேண்டும். இயல்பில் அது அணைந்திருக்கும். சூத்திரத்தை முதலில் இட்டு, நிறையைப் பிறகு அடிக்க வேண்டும். ஏ2 இல் ஏற்கெனவே எண் இருந்தால் பி2 சுழியத்தில் தொடங்கி, அது வெற்றுக் கலம் அல்ல என்று எண்ணி, 1900 ஜனவரி 0 என்ற இல்லாத நாளைக் காட்டும். நிறையை அழித்துத் திரும்ப அடித்தால் சரியாகும். இன்னொரு சிக்கல்: அந்த அமைப்பை எக்செல் முதலில் திறந்த கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். வேறு கோப்பு முன்னதாகத் திறந்திருந்தால் சுழற்சிச் சுட்டு என்ற எச்சரிக்கை எழும். இயக்கத்தில் இருக்கும்போதோ, தவறுதலாக விழும் உண்மையான சுழற்சியையும் எச்சரிக்காமல் விட்டுவிடும். கணக்குப் புத்தகத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதற்கு அப்பால் சூத்திரத்தை வருத்திப் பயனில்லை. தன் கலத்துக்கு விடை தரும். பக்கத்துக் கலத்தில் உள்ளதை மாற்றாது, நிரையை அழிக்காது, கோப்பைச் சேமிக்காது. நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துத் தரும் ஃபில்டர் சார்பின் விடை அயற்கலங்களுக்கு வழியும் என்பது உண்மைதான், ஆனால் அங்கே ஏதேனும் இருந்தால் வழியாமல் பிழை காட்டும். கலத்துக்குப் பூசிய நிறத்தையும் சூத்திரம் படிக்காது. மஞ்சள் பூசியவற்றை மட்டும் கூட்டக் கேட்பவருக்கு, 'செலுத்தியது' என்று தனி நிரல் வைத்து, நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் கூட்டும் சம்இஃப் போடச் சொல்வதே வழி. லிபரே ஒபிஸ் என்ற இன்னொரு மென்பொருளின் ஸ்டைல் சார்பு மட்டும் தான் இருக்கும் கலத்தின் தோற்றத்தை மாற்றும்; விதிவிலக்கு.

ஓஃப்செட் நிறைந்த தாள் ஊர்ந்தால் இன்டெக்ஸாக மாற்றிப் பாருங்கள். அது ஓயும்.

மாக்ரோவுக்குக் 'குறுநிரல்' வேண்டாம் சேர். நிரை, நிரல் என்று கிடையும் நெடுக்குமாகப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அது ஒடுங்கிய நிரலாகத்தான் படும். 'செயற்கோவை' என்பதை ஆட்சேபிப்பவர் யாராவது உண்டா? பதிந்த செயல்கள் வரிசையாக ஓடுவதை அது சொல்கிறது. ஓடி முடிந்தபின் கன்ட்ரோல் இசட் பெரும்பாலும் பலிக்காது என்பதை மட்டும் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும்.