'கைவிடுதல்': அந்தக் கை எந்தக் கை?

செங்கோடன்:
'கைவிட்டான்' என்பதில் வரும் கை, உடம்பில் இருக்கிற கை அல்ல என்பது என் கருத்து. 'ஞாலம் கருதினும் கைகூடும்' என்கிறது குறள். அங்கே எந்தக் கை? 'கையிகந்த தண்டம்' என்றால் அளவுமீறிய தண்டனை. வினைக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் முன்னொட்டுதான் இது. 'போராட்டம் கைவிடப்பட்டது' என்று பேப்பரில் படிக்கிறோமே, அதில் யார் கையை யார் விட்டார்கள்?

மருதன்:
ஏற்க முடியவில்லை ஐயா. குறுந்தொகை 54ஆம் பாட்டைப் பாருங்கள். 'கான யானை கைவிடு பசுங்கழை'. காட்டு யானை மூங்கிலை வளைத்துப் பிடித்திருக்கிறது. தினைப்புனம் காப்பவர்களின் கவண் சத்தம் கேட்டு மிரண்டு விட்டுவிடுகிறது. மீனை இழுக்கும் தூண்டில்போல மூங்கில் விருட்டென்று மேலே போகிறது. அந்த உவமையால்தான் புலவருக்கே மீனெறி தூண்டிலார் என்று பெயர். இங்கே கை என்பது தும்பிக்கை, சந்தேகமே இல்லை. பாடுகிறவள் யார்? நான் இங்கே இருக்கிறேன், என் நலன் அவனோடு போய்விட்டது என்று தவிக்கிற பெண். வளைத்தவன் விட்டுவிட்டான் என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் மூங்கிலை வைத்துச் சொல்கிறாள்.

செங்கோடன்:
பாட்டு அருமை. ஆனால் அது 'கையிலிருந்து விட்ட' மூங்கில். 'கெடுங்காலைக் கைவிடுவார் கேண்மை' என்ற 799ஆம் குறளில் கைவிடு ஒரே சொல். அவளைக் கைவிட்டான் என்கிறோம், அவள் கையை விட்டான் என்பதில்லையே.

பொன்னி:
கல்யாணத்தையே கைப்பிடித்தல் என்கிறோம். ஆண்டாள் கண்ட கனவும் 'கைத்தலம் பற்ற'த்தான். பிடித்த கையை விடுவதுதான் கைவிடுதல். எங்கள் பெரியம்மா 'அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டார்' என்றுதான் சொல்வார். பென்ஷன் மனுவில் 'கணவனால் கைவிடப்பட்டவர்' என்று எழுதிப் படித்துக் காட்டியபோது தன் வலது கையைத்தான் பார்த்தார். அவருக்கு அது முன்னொட்டு இல்லை.

மருதன்:
செங்கோடன் ஐயா, யானை கழையைக் கைவிட்டது, அவன் அவளைக் கைவிட்டான். இரண்டிலும் அதே ஐ உருபுதான். போராட்டத்தையும் 'கையில் எடுத்தோம்' என்று சொல்லிவிட்டுத்தானே அப்புறம் கைவிடுகிறோம்?

செங்கோடன்:
சரி, கைவிடுதலுக்கு அது பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். கைகூடுதல், கையிகத்தல், கையறுநிலை? இந்த மூன்றிலும் உறுப்பைக் காட்டுங்கள், மேலே பேசலாம்.