காலையில் ஒழுகுகிறது, மதியம் நின்றுவிடுகிறது: ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஓ-ரிங் தொல்லை

எண்ணெய்க்கை (இழையைத் தொடங்கியவர்):
வணக்கம். ஒரு மோல்டிங் பிரஸ்ஸின் பராமரிப்பைப் பார்க்கிறேன். தட்டுகள் 180 டிகிரிக்குச் சூடாகும். கீழ்த் தட்டு ராம் (தட்டைத் தள்ளும் சிலிண்டர் தண்டு) மேலேயே உட்கார்ந்திருக்கும். சிலிண்டரின் தலைப் பக்க ஃபிளேஞ்சில் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) அசையாத ஓ-ரிங், அதாவது எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், ஒன்று இருக்கிறது, அதுதான் பிரச்சினை. அழுத்தம் 180 பார், எண்ணெய் சாதாரண 46 கிரேடு ஹைட்ராலிக் ஆயில், டேங்கில் வெப்பம் 55 டிகிரி.

ஐந்து மாதத்தில் நான்கு ரிங் மாற்றிவிட்டேன். எல்லாம் 70 ஷோர் (ரப்பரின் கடினத்தைக் காட்டும் எண்) நைட்ரைல் ரப்பர். ஒவ்வொன்றும் ஐந்து, ஆறு வாரம்தான் தாங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், காலையில் மெஷினைப் போட்டதும் சொட்டுச் சொட்டாக ஒழுகும். மதியத்துக்குள் தானாக நின்றுவிடும். மறுநாள் காலை திரும்பவும் அதே கதை. போல்ட்டுகளை இரண்டு தடவை நன்றாக இறுக்கிப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை.

சரக்கு மட்டமா? அல்லது ஓ-ரிங்குக்கே இது ஆகாத இடமா? பேசாமல் செம்பு வாஷர் மாதிரி ஏதாவது போட்டுவிடலாமா?

நைட்ஷிப்ட்:
விட்டான் (சூடு தாங்கும் ஃபுளோரின் ரப்பர்) போடுங்கள். கதை முடிந்தது.

புதுசு_23:
ஈபிடிஎம் ரப்பர் 150 டிகிரி தாங்கும் என்று அட்டவணையில் பார்த்தேன். விட்டானை விட மலிவாகவும் கிடைக்கும். அதைப் போட்டால் என்ன?

பழைய ஃபிட்டர்:
ஐயோ, வேண்டாம் தம்பி. ஈபிடிஎம் வெந்நீருக்கும் நீராவிக்கும் பிரேக் ஆயிலுக்கும் நல்ல ரப்பர். மினரல் ஆயில் பட்டால் ஊறி உப்பிவிடும். காடிக்குள் (ரிங் உட்காரும் பள்ளம்) இடம் இல்லாமல் பிதுங்கி வெளியே வரும். போடும்போது மேலே சாதாரண கிரீஸ் தடவினாலே அதற்கு ஆகாது. அட்டவணையில் வெப்ப வரிசையை மட்டும் பார்த்து ரிங் எடுக்கக் கூடாது. எந்தத் திரவம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எண்ணெய்க்கை, கழற்றிய பழைய ரிங் கையில் இருக்கிறதா? தூக்கிப் போடவில்லையென்றால் இதையெல்லாம் சொல்லுங்கள். புதிய ரிங்கின் தடிமன், பழையதன் தடிமன், காடியின் ஆழம். வளைத்தால் விரிசல் தெரிகிறதா? ஓரம் எங்காவது எலி கடித்த மாதிரி இருக்கிறதா? இருந்தால் உள் ஓரமா, வெளி ஓரமா?

எண்ணெய்க்கை:
கடைசி ரிங் இருக்கிறது. வெர்னியரில் அளந்தேன். புதியது 5.33 மி.மீ. பழையது, தட்டையான திசையில், 4.55. காடி ஆழம் 4.30. வட்டமாக இருக்க வேண்டிய குறுக்குவெட்டு மூலை மழுங்கிய சதுரம் மாதிரி ஆகிவிட்டது. விரலால் வளைத்தால் பிளாஸ்டிக் போல விறைப்பாக இருக்கிறது, வெளிவளைவில் மயிரிழை விரிசல்கள். வெளி ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும், ஒரு விரல் நீளத்துக்கு, பிய்ந்து பிய்ந்து போயிருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது ரிங் ஸ்டாக்கில் இல்லாததால் ரப்பர் கார்டை வெட்டி சூப்பர் குளூ வைத்து ஒட்டிப் போட்டேன். அது பத்து நாள்கூட வரவில்லை.

பழைய ஃபிட்டர்:
ஒட்டிய கதையைத் தனியாக வைத்துக்கொள்வோம். நான் போடாததா. அந்த ஒட்டு கல் மாதிரி காய்ந்துவிடும், பக்கத்து ரப்பர் அமுங்கும், ஒட்டு அமுங்காது. சூடும் சேர்ந்தால் சீக்கிரம் விட்டுவிடும். 180 பாருக்கு அது தாங்காது.

இப்போது கணக்கைப் பாருங்கள். புதிய ரிங்கை 5.33-இலிருந்து 4.30-க்கு அமுக்குகிறீர்கள். அதாவது 1.03 மி.மீ., சுமார் 19 சதவீதம். அசையாத சீலுக்கு இது சரியான அளவு, காடியில் தப்பில்லை. ரிங் கழன்றதும் திரும்ப 5.33-க்கு எழ வேண்டும். உங்களுடையது 4.55-இலேயே நின்றுவிட்டது. 1.03-இல் 0.78 போய்விட்டது, 76 சதவீதம். இதைத்தான் கம்ப்ரெஷன் செட் என்பார்கள். ரிங் சீல் செய்வதே அது திருப்பித் தள்ளும் விசையால்தான். அந்த விசை செத்துப்போனால் வெறும் நிரப்புத் துண்டுதான் மிச்சம்.

காலையில் ஒழுகி மதியம் நிற்பதற்கும் இதுவே காரணம். சூட்டில் ரப்பர் இரும்பைப் போல சுமார் பத்து மடங்கு விரியும். மதியம் ரிங் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. இரவு ஆறியதும் சுருங்குகிறது, திரும்ப எழும் சக்தியும் இல்லை. மதியம் ஒழுகல் நின்றால் ரிங் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

போல்ட் இறுக்கியும் பலன் இல்லாததற்கு விளக்கம் எளிது. ஃபிளேஞ்சின் இரண்டு முகமும் இரும்போடு இரும்பாகத் தொட்ட பிறகு, ரிங்கின் அமுக்கத்தைக் காடி ஆழம்தான் தீர்மானிக்கிறது. ஸ்பேனரில் பைப் மாட்டி இறுக்கினால் போல்ட்தான் நீளும்.

புதுசு_23:
குளிர்ந்தால் ஒழுகுகிறது என்றதும் எனக்கு வெடித்துச் சிதறிய சேலஞ்சர் விண்கலம் ஞாபகம் வந்தது. அதுவும் ஓ-ரிங்தானே?

பழைய ஃபிட்டர்:
ஆமாம், 1986 ஜனவரி 28. ஆனால் அது வேறு, இது வேறு. அன்று காற்று சுமார் 2 டிகிரி. குளிரில் ரிங் விறைத்து, மூட்டு அசைந்தபோது வேகமாக எழ முடியவில்லை. இங்கே ரிங் சூட்டில் வெந்து எழும் சக்தியை இழந்திருக்கிறது. ஒன்று மட்டும் கவனி: அந்த ரிங்குகளும் விட்டான் வகைதான். சாதாரண விட்டான் 200 டிகிரி வரை தாங்கும், ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே 15, 20-லேயே நெகிழ்ச்சி போய்விடும். "விட்டான் போடு, கதை முடிந்தது" என்பவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை.

நைட்ஷிப்ட்:
அண்ணே, என்னைத்தான் சொல்கிறீர்கள் 😄 ஆனால் இவர் மெஷின் ஃபிரீசரில் இல்லையே. டேங்க் 55 டிகிரிதான் என்கிறார், நைட்ரைல் 100 வரை தாங்குமே. அப்புறம் ஏன் வேகிறது?

லேத்தடி:
நல்ல கேள்வி. டேங்கில் இருப்பது கலங்கி ஓடும் எண்ணெய். ஃபிளேஞ்ச் மூலையில் எண்ணெய் ஓடுவதே இல்லை, தேங்கி நிற்கும். மேலே 180 டிகிரி தட்டு. ரிங் இருக்கும் இடத்தை அளக்க வேண்டும். இன்ஃப்ராரெட் கன்னை நேராகக் காட்டாதீர்கள், பளபளப்பான இரும்பு குறைவாகவே காட்டும். கருப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் அளந்து பாருங்கள்.

எண்ணெய்க்கை:
அளந்தேன். வெறும் இரும்பில் 71. டேப் மேல் 128! ஷிப்ட் முடியும் நேரத்தில் எடுத்தது.

பழைய ஃபிட்டர்:
அப்படியானால் சரக்கைத் திட்டிப் பயனில்லை. 128-இல் நைட்ரைல் ஐந்து வாரம் வந்ததே பெரிது.

என் யோசனை: 90 ஷோர் விட்டான். உங்கள் ரிங்கின் வெளி ஓரம் பிய்ந்திருப்பதால் 90 சொல்கிறேன். 180 பாரில் ஒவ்வொரு தடவையும் ஃபிளேஞ்ச் முடியளவு திறந்து மூடுகிறது. ரிங் அந்த இடுக்கில் நுழைந்து கடிபடுகிறது. 70 ஷோர் ரப்பருக்கு 100 பாருக்கு மேல் போனாலே இடுக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். கடி ஒரே இடத்தில் இருப்பதால் அந்தப் பக்கத்துப் போல்ட் நீண்டிருக்கலாம். முழு செட்டையும் மாற்றி, டார்க் ரெஞ்ச் வைத்து, எதிரெதிராக இறுக்குங்கள்.

90-க்கும் குறை உண்டு. காடியில் கீறல் இருந்தால் 70 அதில் இறங்கி அடைக்கும், 90 இறங்காது. காடி அடியை நகத்தால் தடவிப் பாருங்கள், நகம் மாட்டினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இன்னொன்று, அழுத்தம் உள்ளிருந்து வருவதால் ரிங் காடியின் வெளிச்சுவரைத் தொட்டு உட்கார வேண்டும். சிறிய ரிங்காக இருந்தால் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் முன்னும் பின்னும் ஓடித் தேயும்.

நைட்ஷிப்ட்:
டெஃப்லான் ரிங்? 260 டிகிரி, எந்த எண்ணெயும் ஒன்றும் செய்யாது.

பழைய ஃபிட்டர்:
திடமான டெஃப்லானுக்கு ரப்பர் போல மீளும் தன்மை கிடையாது. அமுக்கினால் மெல்ல மெல்ல நழுவிப் பரவும், உள்ளே ஸ்பிரிங் இல்லாமல் திரும்பாது. இந்த ஃபிளேஞ்சில் நான் போடமாட்டேன். சிலிகானும் வேண்டாம், சூடு தாங்கும் ஆனால் சீக்கிரம் கிழியும். எண்ணெய்க்கை கேட்ட செம்பு வாஷரும் இந்தக் காடிக்கு ஆகாது, ஃபிளேஞ்ச் அசைந்தால் கூடவே எழாது.

காற்றுப்பை:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னுடைய நீள ஸ்ட்ரோக் சிலிண்டரில் பிஸ்டன் ஓ-ரிங் முறுக்கிய கயிறு போல, சாய்வாக வெட்டு விழுந்து வருகிறது. அதுவும் சூடா?

லேத்தடி:
இல்லை. ரிங்கின் ஒரு பகுதி உருண்டு ஒரு பகுதி வழுக்குவதால் முறுகுகிறது. நீள ஸ்ட்ரோக்கும் மெதுவான ஓட்டமும் ஓ-ரிங்குக்குப் பிடிக்காது. யு-கப் (யு வடிவ சீல்) போடுங்கள், அல்லது எக்ஸ் வடிவ ரிங். மேலும் பேச வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள்.

எண்ணெய்க்கை (ஒன்பது வாரம் கழித்து):
தாமதத்துக்கு மன்னிக்கவும். ராமுக்கும் சூட்டுத் தட்டுக்கும் நடுவே வெப்பத்தடுப்புப் பலகை ஒன்று இருக்க வேண்டுமாம், வரைபடத்தில் இருக்கிறது. கழற்றிப் பார்த்தால் பாதி பொடியாகி, மீதி ஆளையே காணோம்! புதியது போட்டதும் கருப்பு டேப்பில் 92 தான். போல்ட் செட் மாற்றினேன், ஒரு போல்ட் உண்மையிலேயே நீண்டிருந்தது. ரிங் 90 ஷோர் விட்டான்.

ஒழுகல் இல்லை. நேற்று ஷட்டவுனில் வேண்டுமென்றே கழற்றி அளந்தேன்: 5.20.

லேத்தடி:
0.13 மட்டும் போயிருக்கிறது, 13 சதவீதம்கூட இல்லை. அருமை. 92 என்றால் நைட்ரைலே ஓரளவு ஓடியிருக்கும், இருந்தாலும் பலகை திரும்ப உடைந்தால் விட்டான் காப்பாற்றும். தீப்பிடித்துக் கருகிய விட்டானை மட்டும் வெறுங்கையால் தொடாதீர்கள், அதிலிருந்து வரும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் மிக மோசமானது.

பழைய ஃபிட்டர்:
அளந்த ரிங்கையே திரும்பப் போட்டுவிடவில்லையே?

எண்ணெய்க்கை:
இல்லை அண்ணே, புதியதுதான் போட்டேன். பழையதை அளந்த கையோடு கட்டரால் நான்காக வெட்டிவிட்டேன். முழுசாக மேஜையில் கிடந்தால் நைட் ஷிப்டில் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.

நைட்ஷிப்ட்:
மறுபடியும் என்னையா? 😄