உதவி தேவை: லினக்ஸில் கனொன் லைட் 110 ஸ்கானர், படத்தில் நீலப்பச்சைக் கோடு

கேள்வி (கொக்குவில்)

வணக்கம். எங்கள் சனசமூக நிலையத்தில் சேர்ந்து கிடக்கும் கும்பாபிசேக மலர் நூல்களையும் அந்தியேட்டிக் கல்வெட்டுகளையும் (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறுநூல்கள்) ஸ்கான் செய்து வருகிறோம். கணினியில் உபுண்டு 22.04 உள்ளது, லினக்ஸில் ஸ்கானர்களை இயக்கும் மென்பொருளான சேன் 1.1.1, அதில் இந்த ஸ்கானருக்குரிய ஜெனிசிஸ் இயக்கி. ஸ்கானரை அது உடனே அடையாளம் காண்கிறது, அனுமதிச் சிக்கலும் இல்லை.

மாரி தொடங்கியதிலிருந்து, 300 டிபிஐ வண்ணத்தில் எடுக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் மேலிருந்து கீழாக மயிரிழை போன்ற ஒரு நீலப்பச்சைக் கோடு விழுகிறது. வெறும் வெள்ளைத் தாளில் அது கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. ஆனால் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் சாம்பல் நிறப் பகுதியில் பளிச்சென்று தெரிகிறது. மலரைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாலும் கோடு கண்ணாடியின் அதே இடத்தில்தான் வருகிறது. கண்ணாடியைத் துடைத்தும் பயனில்லை.

இதைவிட, நீல நிற யூ.எஸ்.பி. துளையில் செருகினால் முதற்பக்கம் ஒழுங்காக வருகிறது, இரண்டாவதில் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்று நின்றுவிடுகிறது. கம்பியைக் கழற்றி மீண்டும் செருக வேண்டியிருக்கிறது. முன்னர் இந்த வேலையைச் செய்த அண்ணா கனடாவுக்குப் போகுமுன் விட்டுச்சென்ற ஸ்கிரிப்டையே பயன்படுத்துகிறோம்.

மறுமொழி (சுன்னாகம்)

விண்டோஸ் உள்ள கணினி ஒன்றில் செருகிப் பாருங்கள் தம்பி. அங்கும் கோடு விழுந்தால் ஸ்கானரில் பழுது. விழாவிட்டால் இயக்கியைச் சந்தேகிக்கலாம்.

மறுமொழி (பருத்தித்துறை)

மேலே சொன்ன சோதனை பிழையன்று. ஆனால் அது குற்றவாளி எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதை மட்டுமே சொல்லும். உங்கள் விவரிப்பிலேயே அதைவிடக் கூடுதலான தடயம் இருக்கிறது.

லைட் 110 இல் உள்ளது தொடுகைப் பட உணரி. சிவப்பு, பச்சை, நீல விளக்குகள் மாறி மாறி எரிய, ஒரே வரிசைப் படவணுக்கள் (ஒளியை அளக்கும் நுண்புள்ளிகள்) மூன்று நிறங்களையும் அளக்கின்றன. எல்லாப் படவணுக்களும் ஒரே அளவில் ஒளியை உணர்வதில்லை. ஆகவே, தலைப்பக்கச் சட்டத்தின் அடியில் மறைந்திருக்கும் வெள்ளைப் பட்டையை விளக்கெரிய ஒருமுறையும் விளக்கணைத்து ஒருமுறையும் வாசித்து, ஒவ்வொரு படவணுவுக்கும் ஒவ்வொரு நிறத்திலும் எவ்வளவு கழிக்க வேண்டும், எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பதை இயக்கி கணித்து வைக்கிறது. அளவீடு என்பது இதுதான்.

அந்தப் பட்டையில் ஓரிடத்தில் தூசி இருந்தால், அங்கே வெள்ளை மங்கலாக வாசிக்கப்படும். அதை ஈடுசெய்ய இயக்கி அந்தப் படவணுவை வேண்டியதைவிட அதிகமாகப் பெருக்கும். விளைவு, பக்கம் முழுவதும் ஓடும் வெளிறிய கோடு. வெள்ளைத் தாள் ஏற்கெனவே உச்ச அளவில் இருப்பதால் அங்கே அது தெரியாது, சாம்பலில்தான் தெரியும். இதற்கு மாறாக, அளவீடு முடிந்த பின்பு உணரியின்மேல் தூசி விழுந்திருந்தால் கோடு கருமையாக இருந்திருக்கும்.

நிறத்தையும் கவனியுங்கள். சிவப்புத் தூசி சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பி, பச்சையையும் நீலத்தையும் விழுங்கும். எனவே அந்த இரண்டு நிறங்கள் மட்டுமே மிகையாகப் பெருக்கப்படும். கோயில் மலர்களின் நடுவே பழைய குங்குமம் ஒட்டியிருப்பது புதிதல்ல. ஆகவே குங்குமம் என்றே ஊகிக்கிறேன்.

இனி, தூசி இன்னும் அங்கே இருக்கிறதா, அல்லது அது போன பின்பும் பழைய கணக்கு மட்டும் நிற்கிறதா என்று அறிய வேண்டும். ஜெனிசிஸ் இயக்கி அளவீட்டை வீட்டுக் கோப்புறையில் மறைந்திருக்கும் சேன் கோப்புறையில் சேமித்து வைக்கும். ஸ்கிரிப்டில் ‘எக்ஸ்பிரேஷன் டைம்’ என்ற தெரிவுக்கு என்ன எண் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அது நிமிடக் கணக்கு: 0 என்றால் சேமித்ததைப் பயன்படுத்தாது, −1 என்றால் அது ஒருபோதும் காலாவதியாகாது. ‘சேன் டிபக் ஜெனிசிஸ்’ என்ற சூழல் மாறிக்கு (நிரல் தொடங்கும்போது வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு) 255 கொடுத்து ஓட்டி, பிழை வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து அனுப்புங்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம். உணரிக்குப் போகும் பட்டைக் கம்பி மிக மெல்லியது.

கேள்வி கேட்டவர் (கொக்குவில்)

மிக்க நன்றி ஐயா. ஸ்கிரிப்டில் −1 தான் இருக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நேரம் மிச்சப்படட்டும் என்று அண்ணா அப்படி வைத்திருப்பார் போலும். பதிவுக் கோப்பிலும் சேமித்த அளவீட்டை மீட்டதாகவே வரி வருகிறது. ‘கிளியர் கலிபரேஷன்’ தெரிவுடன் ஒருமுறை ஓட்டி, பின்னர் 0 கொடுத்து அதே சாம்பல் படத்தை எடுத்தேன். கோடு இல்லை. 600 டிபிஐயிலும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் சற்றுக் கூடுதலாகத் தாமதிக்கிறது, அவ்வளவுதான்.

மறுமொழி (பருத்தித்துறை)

அப்படியானால் தூசி ஏற்கெனவே போய்விட்டது. கணக்கு மட்டுமே மிச்சம் நின்றிருக்கிறது. என்றும் 0 வைத்திருக்கத் தேவையில்லை, 60 போதும். ஆனால் மலர்களை வைக்குமுன் ஒவ்வோர் ஏட்டையும் மெல்லிய தூரிகையால் துடையுங்கள். இல்லையேல் அடுத்த அளவீட்டில் வேறோர் இடத்தில் வேறொரு கோடு வரும்.

இரண்டாவது சிக்கல் இதனோடு தொடர்பில்லாதது. நீலத் துளை யூ.எஸ்.பி. 3. முதன்முறை வேலை செய்து அடுத்தமுறை நின்றுவிடும் இந்த வகைக் கோளாறுக்காகவே சேனில் ‘சேன் யூ.எஸ்.பி. வொர்க்கரவுண்ட்’ என்ற சூழல் மாறி உள்ளது. அதற்கு 1 கொடுத்துப் பாருங்கள். கறுப்புத் துளை இருந்தால் அதில் செருகுவது இன்னும் எளிது.

கேள்வி கேட்டவர் (கொக்குவில்)

இந்த மடிக்கணினியில் கறுப்புத் துளை இல்லை. மாறியைக் கொடுத்ததும் ஸ்கிரிப்ட் நிற்காமல் ஓடுகிறது. ஆனால் நிலையத்துப் பிள்ளைகள் முனையமின்றிச் சாளரத்தில் சொடுக்கிப் பயன்படுத்தும் ஸ்கான் செயலியில் இரண்டாம் பக்கம் இன்னும் பிழையே வருகிறது.

மறுமொழி (சுன்னாகம்)

முனையத்தில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) கொடுத்த மாறி அந்த முனையத்துக்குள் மட்டுமே செல்லும் தம்பி. ‘ஈடிசி’ கோப்புறையில் உள்ள ‘என்வயர்ன்மென்ட்’ கோப்பில் அதே வரியைச் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையுங்கள். செயலிக்கும் அது கிடைக்கும்.