டிடிஎஸ் குறைந்தால் குடிநீர் நல்லதா?

கதிர்வெயில்:
சிறு நகரங்களில் குழாய்த் தண்ணீரை இன்னும் நம்பிக் குடிப்பவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. மீட்டரை வைத்தால் டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்துள்ள உப்புகள் முதலியவற்றின் அளவு, 600 காட்டுகிறது. குளோரின் நெடி வேறு. குளோரின் நீரிலுள்ள கரிமப் பொருட்களோடு சேர்ந்து டிரைஹாலோமீத்தேன் என்ற கெடுதலான வேதிப்பொருளை உண்டாக்கும். வீட்டுக்கு வீடு ஆர்ஓ, அதாவது நுண்ணிய சவ்வு வழியே நீரை வடிகட்டும் கருவி, வைப்பதுதான் ஒரே வழி.

நீர்மட்டம்:
அந்த மீட்டர் அளப்பது நீரின் மின்கடத்துதிறனை மட்டும்தான் நண்பரே. ஆர்செனிக் என்ற நஞ்சுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதுபோல் பத்து மடங்கு இருந்தாலும் உங்கள் மீட்டருக்குத் தெரியாது. கிருமியும் தெரியாது. 600 காட்டுவது வெறும் கால்சியம், மக்னீசியம் உப்பாக இருக்கலாம். 150 காட்டுவதில் சாக்கடை கலந்திருக்கலாம்.

குளோரின் நெடி வராவிட்டால்தான் நான் பயப்படுவேன். 2000-இல் கனடாவின் வாக்கர்டனில் கிணற்று நீரில் கால்நடைச் சாணத்திலிருந்து ஈ.கோலை என்ற கிருமி கலந்தது. போதிய குளோரின் இல்லை. 7 பேர் இறந்தார்கள், 2,000 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். டிரைஹாலோமீத்தேன் பல ஆண்டுகள் குடித்தால் வரக்கூடிய கவலை. கிருமி இந்த வாரமே ஆளைச் சாய்த்துவிடும்.

கதிர்வெயில்:
அப்படியானால் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம்? 2014-இல் ஆற்று நீருக்கு மாறினார்கள், குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வந்தது. அதிகாரிகள் ஓராண்டுக்கு மேல் பாதுகாப்பானது என்றே சொன்னார்கள். ஆர்ஓ இருந்த வீட்டில் ஈயத்தில் பெரும்பகுதி நின்றிருக்கும்.

நீர்மட்டம்:
உண்மைதான். ஆனால் அங்கே விஷயம் வெளியே வந்தது எப்படி? வீட்டுக் குழாய்களில் மாதிரி எடுத்துச் சோதித்ததாலும், குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியதை மருத்துவர் கண்டுபிடித்ததாலும்தான். சுத்திகரிப்பு நிலைய வாசலில் எடுத்த மாதிரி ஈயத்தைக் காட்டியிருக்காது.

மேட்டுத்தெரு:
நடுவில் வருகிறேன். என் அப்பா தண்ணீர் திறந்துவிடும் பணியில் இருந்தவர். இருவரும் குழாயின் உள்ளே நடப்பதை விட்டுவிட்டீர்கள். நாள் முழுக்கத் தண்ணீர் தராமல், முறை வைத்துத் திறந்துவிடும் ஊரில், திறப்பை நிறுத்தியதும் குழாயில் அழுத்தம் இறங்கும். கசிவு இருக்கும் இடத்தில் பக்கத்துச் சாக்கடை உள்ளே உறிஞ்சப்படும். ஆளாளுக்கு மோட்டார் போட்டு இழுத்தால் இன்னும் மோசம். முதலில் வரும் கலங்கல் தண்ணீரைப் பிடிக்காதீர்கள் என்று அப்பா வீடு வீடாகச் சொல்வார். சோதனை மாதிரியை கடைசித் தெருவில், திறந்துவிட்ட சற்று நேரத்தில் எடுக்க வேண்டும்.

கதிர்வெயில்:
அதெல்லாம் நடக்கும்வரை என் பிள்ளை எதைக் குடிப்பாள்?

நீர்மட்டம்:
முதலில் ஆய்வகத்தில் கொடுங்கள். கிருமி மட்டும் என்றால் கொதிக்க வைத்தாலே போதும். நைட்ரேட், ஃபுளோரைடு, ஈயம் என்றால் கொதிக்க வைத்துப் பயனில்லை, நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். அப்போது ஆர்ஓ வையுங்கள், நானே சொல்வேன். ஆனால் அதை வாங்க முடியாத பக்கத்து வீட்டுக்கும் அதே குழாய்தான். தெருவாரியான சோதனை முடிவுகளை மாதாமாதம் வெளியிடச் சொல்லிக் கேட்பதில் உங்களுக்கு என்ன தடை?

கதிர்வெயில்:
தடை இல்லை. மனு எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆர்ஓவை மட்டும் கழற்ற மாட்டேன்.