வெளிநாட்டு வேலை கைக்கு வந்தும் போகாதவர்கள், காரணம் சொல்லுங்கள்

ஓசூர் மெக்கானிக்கல்:
நானே தொடங்குகிறேன். சவூதி, தம்மாம் பக்கம் பைப்லைன் வேலை. ஆஃபர் லெட்டரில் ‘சைட் இன்ஜினியர்’. விசா தாள் வந்தபோது தொழில் என்ற இடத்தில் டெக்னீஷியன். ஏஜென்டைக் கேட்டால், “தம்பி, அது சும்மா பேப்பருக்கு. அங்கே போய் மாத்திக்கலாம்” என்றார். அங்கே நெடுநாள் இருந்துவிட்டு வந்த சித்தப்பாவிடம் தாளைக் காட்டினேன். “இகாமாவுல, அதாவது அங்க தங்குற அனுமதி அட்டையில, என்ன போட்டிருக்கோ அதுதான்டா நீ. இன்ஜினியர்னு போடணும்னா அங்க இன்ஜினியர் கவுன்சில்ல பதியணும், டிகிரியைச் சரிபார்ப்பாங்க. மாத்துறது உன் கையில இல்ல” என்றார். நாளைக்கு ஊர் திரும்பினாலும் அனுபவச் சான்றிதழில் டெக்னீஷியன்தானே இருக்கும்? அப்புறம் கமிஷன். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். இவர் கேட்டது ஒன்றரை லட்சம், ரசீது கிடையாதாம். பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

குவைத் ரிட்டர்ன்:
சித்தப்பா சொன்னது சரி. 2018இல் குவைத்தில் இகாமா புதுப்பிக்கப் போனபோது, பொறியாளர் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்றார்கள். அதற்குப் படித்த படிப்பு, இந்தியாவில் பொறியியல் படிப்புகளின் தரத்தைச் சோதிக்கும் என்பிஏவின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். எங்கள் கல்லூரிக்குத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏஐசிடிஇயின் அனுமதி உண்டு, டிகிரி அண்ணா பல்கலைக்கழகத்தினுடையது. ஆனால் என்பிஏ தருவது கல்லூரிக்கு அல்ல, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக, அதுவும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும். கூட இருந்த சீனியர்கள் எத்தனையோ பேர் இன்ஜினியர் பதவியை விட்டு சூப்பர்வைசர் என்று மாற்றிக்கொண்டு காலம் தள்ளினார்கள். ஊருக்கு வந்த பிறகு அங்கிருந்தே இன்னொரு அழைப்பு வந்தது, சம்பளமும் கூடுதல். போகவில்லை. என் டிகிரி செல்லுமா செல்லாதா என்று வருஷா வருஷம் பயந்துகொண்டிருக்க முடியாது.

திருச்சி ஐடி:
எனக்கு வந்தது தாய்லாந்து. ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்’காம். டைப்பிங் வேகம் மட்டும் பார்த்தார்கள், டெக்னிக்கல் கேள்வி ஒன்றுகூட இல்லை. டூரிஸ்ட் விசாவில் பாங்காக் வந்து இறங்கு, கார் வரும் என்றார்கள். இப்படித் தாய்லாந்து வேலை என்று போய், எல்லைக்கு அந்தப் பக்கம் மியான்மரின் மியாவாடியில் ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் சிக்கிய நம்மூர்ப் பையன்கள் 2022இல் மீட்கப்பட்டு வந்த செய்தியைப் படித்திருந்ததால் தப்பித்தேன்.

மதுரைப் பொண்ணு:
எல்லோருக்கும் ஏமாற்றுதான் காரணம் என்று நினைக்காதீர்கள். எனக்கு ஜெர்மனி, தாளெல்லாம் பக்கா. அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், கூட்டிப்போக வீட்டில் வேறு ஆள் இல்லை. மதுரையிலேயே கிடைத்த வேலையில் சேர்ந்துவிட்டேன். அந்த மெயிலை இன்னும் அழிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

திருச்சி ஐடி:
ஓசூர் அண்ணே, ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று எங்கே பார்ப்பது? தங்கச்சி மாப்பிள்ளைக்குக் கத்தார் வந்திருக்கிறது.

ஓசூர் மெக்கானிக்கல்:
வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பட்டியல் இருக்கிறது. லைசென்ஸ் நம்பரைக் கேளுங்கள், கொடுக்க மழுப்பினால் அத்தோடு விட்டுவிடுங்கள். விசாவில் என்ன தொழில் என்பதை மட்டும் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே பார்த்துவிடச் சொல்லுங்கள்.